முறியாத கம்பி

"நூறு தடவ வளைச்சு நிமித்தினாலும் முறியக் கூடாது நானா. அப்பிடி ஒரு கம்பி வேணும்" என்றார் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் தலைவர் புஷ்பராஜ்.

நோர்வூட்டில் இரும்புக்கடை வைத்திருக்கும் இஸ்ஸதீன், வேலிக் கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினார். பத்தாவது மடக்கில் முறிந்தது. அலுமினியக் கம்பியும் தாங்கவில்லை. மெல்லிய இழைகளை முறுக்கிய செம்புக் கம்பி மட்டும் எத்தனை தடவை மடக்கினாலும் வளைந்து கொடுத்தது.

"இதுதான் சரி. என்னாத்துக்கு தலைவர்?"

"நம்ம தோட்டத்து வீட்டுத் திட்டத்துக்கு. அம்பது வீடு."

இஸ்ஸதீனின் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! வெள்ளக்காரன் கட்டின ஒத்த ரூம் லயத்துக் காம்பராவ விட்டு வெளிய வரப் போறீங்க! எத்தன சுருள் போடட்டும்?"

"ஒரு முழம் போதும்."

"அம்பது வீட்டுக்கு ஒரு முழமா?"

"அடிக்கல் நாட்டுற போர்டக் கட்டத்தான் நானா. எலெக்சனுக்கு எலெக்சன் வேற வேற ஐயா வர்றாரு. பழைய போர்டக் கழட்டிட்டு அதே தூணுல புதுசக் கட்டணும். போன தடவ ஐயா பேசிக்கிட்டு இருக்கையிலயே கம்பி முறிஞ்சு போர்டு விழுந்திருச்சு. எனக்கு மானமே போச்சு."

இஸ்ஸதீன் கம்பியை அளந்தார். ஒரு முழத்துக்கு மேல் ஒரு சாண் சேர்த்தே வெட்டினார்.

"பத்திரமா வெச்சுக்கங்க தலைவர். ஒங்க பேரப்புள்ளைங்களுக்கும் ஒதவும்."