மைமூன் எழுந்திருக்கவில்லை

பாட்டு நின்றது.

அவள் நடந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். பக்கத்து நாற்காலியில் தேன்மொழி பாதி உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பார்த்ததும் தேன்மொழி எழுந்துகொண்டாள்.

"அய்யோ, நான் அவுட்டுங்க்கா" என்று சிரித்தபடி ஓரமாகப் போனாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். சத்தம் வராமல், பதமாக.

அவள் உட்கார்ந்தாள். வேறென்ன செய்வது?

உடுமலையில் கல்யாண மண்டபத்து மாடியில் சேவைச் சங்கத்தின் குடும்ப விழா. வருடா வருடம் உறுப்பினர்களின் மனைவிமார்களுக்கு நாற்காலி ஆட்டம் உண்டு.

அவள் கணவர் தணிகாசலம் இரண்டு தடவை தலைவராக இருந்தவர். கண் முகாம், ரத்த தானம், பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை என்று கடையைக்கூடக் கவனிக்காமல் ஓடியவர். ஐப்பசியில் ஒரு காலை, செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

விழாவுக்கு வரும்படி செயலாளர் ஞானப்பிரகாசம் வீட்டுக்கே வந்து அழைத்தார். மறுக்க முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு, எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு, இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

அவர் இல்லாத சங்கத்தில் தனக்கு என்ன வேலை?

ஆட வரவில்லை என்றாள். கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்திவிட்டார்கள்.

முன்பெல்லாம் இந்த ஆட்டத்தில் வளையல் உடையும். அவர்தான் நடுவர். ஒரு வருடம் அவளையே அவுட் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அவள் ரசம் வைக்கவில்லை. அவர் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "ஆனாலும் நீ அவுட்டுதான்" என்றார்.

பாட்டு ஆரம்பித்தது. நின்றது.

இன்னொருத்தி விலகிக்கொண்டாள்.

மறுபடி ஆரம்பித்தது. நின்றது.

இந்தத் தடவை காலி நாற்காலி அவளுக்கு நேராகவே இருந்தது. ஆட்டத்தைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நிற்க வேண்டிய ஞானப்பிரகாசம் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்துத்தான் பாட்டை நிறுத்துகிறார். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஐப்பசியிலிருந்து எங்கே போனாலும் இதுதான். ரேஷன் கடையில் வரிசை விலகி வழிவிடுகிறது. அவள் நுழைந்தால் பேச்சு அடங்குகிறது. காய்க்காரர் விலையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார். அவரிடம் பேரம் பேசுவதை அவள் விட்டுவிட்டாள்.

கடைசியில் ஒரு நாற்காலி மிஞ்சியது.

அவளும் மைமூனும்.

மைமூன் பேக்கரிக்காரர் மனைவி. வயதில் சின்னவள். ஆள் கொஞ்சம் கனம். போன வருடம் ஜெயித்தவள்.

ஓரமாக நின்ற பெண்கள் மைமூனுக்குக் கண்ணைக் காட்டினார்கள். விட்டுக்கொடு என்று.

அதையும் அவள் பார்த்தாள். முகம் சுட்டது. இதில் ஜெயித்துவிட்டால் பரிசு என்று ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து மறுபடி அதே மாதிரி கைதட்டுவார்கள்.

மைமூன் யாரையும் பார்க்கவில்லை. செருப்பை உதறினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நாற்காலியையே பார்த்தாள்.

பாட்டு.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

நாற்காலி அவளுக்கு முன்னால் வந்ததும் நின்றது.

அவள் உட்காரப் போனாள். பக்கத்திலிருந்து ஓர் இடி.

தரையில் கிடந்தாள்.

பெண்கள் பக்கத்தில் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து பேக்கரிக்காரர், "எந்திரி மைமூன்! எந்திரிங்கறேன்ல!" என்று கத்தினார்.

மைமூன் எழுந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சேரு என்னுதுங்க்கா" என்றாள்.

அவள் தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். முழங்கை எரிந்தது. கொசுவம் நழுவியிருந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. அழுகை என்றுதான் நினைத்தாள்.

"எருமை மாதிரி வந்து இடிச்சுட்டு என்னுதாமா? இதுக்குப் பேரு ஆட்டமா? ஞானப்பிரகாசம், பாட்டப் போடுங்க! மறுக்கா ஆடோணும்!"

மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் கேட்டது. அது தன்னுடைய குரல் என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

ஞானப்பிரகாசம் கையிலிருந்த போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஆகாதுங்க்கா" என்றாள் மைமூன். "தோத்தாச்சு. வேணும்னா அடுத்த வருசம் வந்து ஜெயிச்சுக்குங்க."

"வருவேன்டி! வராம எங்க போயிருவேன்? உன்னைத் தூக்கி வீசிப்போட்டு உக்கார்றனா இல்லையா பாரு!"

முதலில் சிரித்தது தேன்மொழி. பிறகு மண்டபமே சிரித்தது. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் விசிலடித்தார். இப்போது கேட்டதுதான் கைதட்டல்.

அவளும் சிரித்தாள். தரையில் உட்கார்ந்தபடியே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் மைமூன் நாற்காலியை விட்டாள். குனிந்து கையை நீட்டினாள்.

அவள் அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள்.

சில்லென்றிருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் மைமூனின் முகத்தைப் பார்த்தாள். மைமூன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கீழே பந்தி போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். படி இறங்கும்போதும் அவள் அந்தக் கையை விடவில்லை.