ஒரு வார்த்தை குறைகிறது

டம்ளரை எறிந்தவள் அந்தச் சிறுமி. தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டதோ டீச்சர்.

சிறப்புப் பள்ளியின் தலைமை ஆசிரியை வகுப்பு வாசலில் நின்று இந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி சுக்குநூறாகிக் கிடந்தது. நன்கொடையாக வந்த கடிகாரம். அதில் முள்ளை விடக் கொடுத்தவர் பெயர்தான் பெரிதாகத் தெரியும்.

எறிந்த எட்டு வயதுக்காரி மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினாள். பள்ளி முழுக்க அவளுக்குச் சூறாவளி என்று பெயர். அதிகம் பேசமாட்டாள், கைதான் பேசும்.

டீச்சர் கிட்டே போகவில்லை. கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு. திரும்பச் சொல்றேன். கை கழுவப் போயிட்டு வா."

சூறாவளி அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்தாள்.

தலைமை ஆசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிக்கிறவளிடம் அடி வாங்கினவர்கள் மன்னிப்புக் கேட்பதென்றால் பள்ளிக்கூடம் எதற்கு? நேராகத் தன் அறைக்குப் போய்ச் சிறுமியின் சித்திக்கு போன் போட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து டீச்சருக்கும் அழைப்பு வந்தது. "மேடம் ரூம் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று சூறாவளியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

அங்கே சித்தி வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் சூறாவளியின் பை, மாற்று உடை வரைக்கும் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பாவம், அவளும் என்ன செய்வாள்? பகலில் வேலைக்குப் போகிறவள். பள்ளியில் வைத்துக்கொள்ளாவிட்டால் தன்னாலும் முடியாது, இன்னொரு சொந்தக்காரர் வீட்டில்தான் விடவேண்டும் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எறிஞ்ச பிள்ளைகிட்ட நீங்க எதுக்கு டீச்சர் மன்னிப்புக் கேட்டீங்க?" என்று தலைமை ஆசிரியை ஆரம்பித்தார்.

"அவசரத்துல நான்தான் மேடம் 'நீ போ'ன்னு சொல்லிட்டேன். அவகிட்ட அப்படிச் சொல்லக் கூடாது."

"போன்னு சொன்னா என்ன? என் பிள்ளைங்ககிட்ட தினமும் நூறு தடவை சொல்றேன்."

"சாயங்காலம் கதவு திறக்கும்னு உங்க பிள்ளைங்களுக்குத் தெரியும். இவ மாமா வீடு, பெரியப்பா வீடு, அத்தை வீடுன்னு எல்லாத்தையும் பார்த்துட்டா. ஒவ்வொரு வாசல்லயும் கடைசியாக் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். வான்னு சேர்த்துச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். தலைமை ஆசிரியை மசிகிற ஆளில்லை. செல்லம் கொடுத்தே கெடுத்தாயிற்று, அடங்காத பிள்ளைகளைத் தனியாக விடும் அமைதி அறையில் கொஞ்ச நேரம் போட்டிருந்தால் தானாக வழிக்கு வந்திருப்பாள் என்றார்.

"போடலாம்னு பார்த்தா கதவுல தாழ்ப்பாளையே காணோம். யார் வேலை அது?"

"என் வேலைதான்."

டீச்சர் கைப்பையைத் திறந்து இரும்புத் தாழ்ப்பாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஸ்க்ரூக்களைக்கூடப் பத்திரமாகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள்.

"அமைதி அறைன்னு பேரு, தாழ்ப்பாள் மட்டும் வெளிப்பக்கம். உள்ள இருக்கிற பிள்ளைக்கு அமைதியா மேடம், இல்ல வெளிய இருக்கிற நமக்கா?"

"எனக்கே பாடம் எடுக்கறீங்களா? அதை இருந்த இடத்துல மாட்டுங்க. இல்லேன்னா..."

"மாட்டமாட்டேன்."

சத்தமே போடாமல்தான் சொன்னாள். அதுதான் தலைமை ஆசிரியைக்குத் தாங்கவில்லை. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சரிந்தது. மேசையில் இருந்த ஃபைலைத் தூக்கி எறிந்தார். அது சுவரில் பட்டுக் காகிதமெல்லாம் அறை முழுக்கப் பறந்தது.

"அவளும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். வெளியே போங்க!"

கடைசிக் காகிதம் வாசலில் இரண்டு சின்னக் கால்களுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

சூறாவளி. போயிட்டு வரேன் என்றவளைக் காணோமே என்று தேடி வந்திருந்தாள்.

நேராக மேசைக்கு வந்தாள். இரும்புத் தாழ்ப்பாளைக் கையில் எடுத்தாள். சித்தி "ஐயோ" என்று எழுந்தாள். தலைமை ஆசிரியை அவசரமாக முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். டீச்சர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

தாழ்ப்பாள் பறக்கவில்லை. சூறாவளி தலைமை ஆசிரியைக்குக் கொஞ்சம் தள்ளி, பறந்து கிடந்த காகிதங்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"தப்பாச் சொல்லிட்டே," என்றாள். "திரும்பச் சொல்லு."

தலைமை ஆசிரியை முகத்திலிருந்து கையை எடுத்தார். தான் எறிந்த ஃபைலைப் பார்த்தார். சரிந்த நாற்காலியைத் தானே நிமிர்த்திப் போட்டு, "உட்காருங்க டீச்சர்," என்றார். பிறகு சித்தியின் பக்கம் திரும்பினார்.

"பையை இங்கேயே வெச்சிட்டு நீங்க போங்க."

சூறாவளி தாழ்ப்பாளைக் கீழே வைக்கவில்லை. வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தலைமை ஆசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பாச் சொல்லிட்டேன். போயிட்டு, சாயங்காலம் வாங்க."