பிடி

போர்வை அவன் இடது முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது.

அதைச் சரிசெய்ய இசக்கியம்மா குனிந்தாள்.

"மெல்ல, சிஸ்டர். காளிராஜ் என் காலைப் பிடிச்சிருக்கான்."

கால் அங்கே இல்லை. அது மலைச்சரிவில், பாறைக்கு அடியில் கிடந்தது. அவனை வெளியே எடுக்க வேறு வழி தெரியாமல், டாக்டர் அங்கேயே அறுத்து விட்டுவிட்டு வந்திருந்தார்.

அவன் பெயர் மரியதுரை. சாத்தான்குளத்துச் சிப்பாய். முந்தின நாள் மலை சரிந்தபோது அவனோடு இருந்தவர்களில் காளிராஜ் ஒருவன்தான் இன்னும் கிடைக்கவில்லை. காலையில் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அவள் இன்னும் முழு நர்ஸ் ஆகவில்லை. ராணுவ நர்ஸிங் கல்லூரியில் கடைசி வருஷம். அதற்கு முன்னால் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவள். படிப்பும் சோறும் உடுப்பும் ராணுவம் தந்தது. சீக்கிரமே தோளில் அதிகாரி நட்சத்திரம் ஏறும்.

வெட்டின காலில் வலி இருக்கும் என்று படித்திருந்தாள். கால் போனது மூளைக்குத் தெரியாது. பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள்.

அதையே அவனுக்கும் பக்குவமாகச் சொன்னாள்.

அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அமுத்துறான். விடுறான். மறுபடி அமுத்துறான். காவல்ல நிக்கும்போது நாங்க பேச மாட்டோம், சிஸ்டர். கையை இப்படித்தான் அமுத்திச் சொல்லுவோம்."

"என்னன்னு?"

"இருக்கேன்னு."

ஜன்னலுக்கு வெளியே வெயில். இமயமலைப் பனி கண்ணைக் கூச வைத்தது.

அவள் நேரே மேஜரிடம் போய்ச் சொன்னாள்.

வார்டுக்குப் பொறுப்பு மேஜர் சூசம்மா. முழுதும் கேட்டார்.

"இதை நீ படிக்கலையா?"

"படிச்சேன், மேடம்."

"நோயாளி பிதற்றுறதை மேலே கொண்டுபோற நர்ஸுக்கு நட்சத்திரம் தர மாட்டாங்க, இசக்கியம்மா."

அவள் நகரவில்லை.

"அந்தப் பாறைக்கு அடியில தோண்டச் சொல்லுங்க, மேடம். பொய்யாப் போனா நான் ஊருக்குப் போயிடுறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. தீப்பெட்டி ஆபீஸின் மருந்து வாடை ஒரு கணம் மூக்கில் ஏறியது.

 மேஜர் போனை எடுத்தார்.

ஆட்கள் மறுபடி மலையேறினார்கள். பாறைக்குப் போகும் வழியிலேயே மண்ணுக்குள் ஒரு முனகல் கேட்டது.

காளிராஜ்.

உயிரோடு.

அவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது வார்டே கைதட்டியது. மேஜர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

காளிராஜைப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு. முறிந்த மரம் ஒன்று முதலிலேயே அவன் மேல் விழுந்து, கைகளை அழுத்திவிட்டது. ஒரு விரலைக்கூட அசைத்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

பாறையிலிருந்து வெகு தூரத்தில் கிடந்தானாம். பாறை வரை யாரும் போகவே இல்லை.

அவள் சிரிப்பு நின்றது.

மரியதுரை நண்பனைப் பார்த்தான். கண்ணீர் காதுவரை வழிந்தது.

பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் கால்மாட்டைப் பார்த்தான்.

"சிஸ்டர்."

"சொல்லுங்கண்ணே."

"இன்னும் விடலை."

அவள் அவன் கால்மாட்டுக்கு வந்தாள்.

"இவன்னுதான் நெனச்சேன். அந்த நெனப்புல கவனிக்கலை. இந்தக் கை ரொம்பச் சின்னது, சிஸ்டர். என் கட்டைவிரலை மட்டும்தான் பிடிச்சிருக்கு."

வார்டில் ஓடக் கூடாது. அவள் ஓடினாள்.

மேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தேடப் போனவர்களில் மிச்சம் இருந்தவர்களும் இறங்கத் தொடங்கிவிட்டார்கள் என்றார். இனி யாரும் பாக்கி இல்லை.

"மேடம், அந்தச் சரிவுல ரோடு போடுறவங்க யாரும் குடியிருந்தாங்களா? பிள்ளைகுட்டியோட?"

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"கூடாரம் போட்டிருந்தாங்க," என்றார் மேஜர். "அவங்களைப் பத்தி யாரும்..."

முடிக்கவில்லை. அவர் கை போனுக்குப் போனது.

அவள் காத்திருக்காமல் திரும்பி வந்தாள். மரியதுரை மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தான், அசைந்தால் நழுவிவிடும் என்பதைப்போல.

கட்டிலருகே மண்டியிட்டுப் போர்வைக்குள் கையை விட்டாள். வெறும் விரிப்பு. அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது.

மலையில் வேலைக்கு வந்தவர்கள் எந்த ஊரோ. எந்த மொழியில் சொல்வதென்று தெரியவில்லை.

தமிழிலேயே சொன்னாள்.

"விட்டுறாதே, கண்ணு."