ஒரு மாதம் இளையவன்

“அம்மா சொன்னது சந்திரக் காலண்டர் கணக்குதானேக்கா? எழுதிக்கிட்டவன்தான் தப்பா எழுதியிருக்கான்.”

அவள் சூரியகாந்தி விதைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

பதினோரு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் தம்பி அவள் வீட்டுக்கு வந்திருக்கிறான். நான்கு மாடி ஏறி வந்த மூச்சு அவனுக்கு இன்னும் அடங்கவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காராமல் அவனுடைய செயலாளர் வாசலருகே நிற்கிறார்.

ஒன்பதாம் மாதம், பத்தாம் நாள். அம்மா சொன்னது அவ்வளவுதான். ஊர்ப் பதிவேட்டில் எழுதியவர் அதைச் செப்டம்பர் பத்து ஆக்கிவிட்டார். சந்திரக் கணக்கில் பார்த்தால் தம்பி பிறந்தது அக்டோபர் கடைசியில்.

கட்சி மாநாடு அக்டோபர் நடுவில்.

அன்றைக்குத் தம்பிக்கு அறுபத்தேழு வயது என்றால் கட்சியின் உச்ச அரசியல் குழுவில் இருக்கலாம். தலைவருக்குப் பிறகு யார் என்ற பேச்சிலும் இருக்கலாம். அறுபத்தெட்டு என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கும் எழுதிவைக்காத விதி. பெய்ஜிங்கில் எல்லோருக்கும் தெரிந்த விதி.

அவன் பிறந்த நாளைப் பார்த்தவர்களில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

அவளுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. சோளம் அறுத்து முடித்திருந்தார்கள். காலையில் தண்ணீர்த் தொட்டியின் மேல் மெல்லிய பனிக்கட்டி. விரலால் குத்தி உடைத்து, அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துப் போனாள்.

செப்டம்பரில் ஏது பனிக்கட்டி?

“பொய் சொல்லச் சொல்லலியேக்கா,” என்றான் தம்பி. அவன் அக்டோபரில் பிறந்ததற்கு அவள் சாட்சி என்று எழுதிய தாளை மேசைமேல் விரித்தான். பேனாவைத் திறந்து அவனே நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள்.

மூன்று வருடங்களுக்கு முன்னாலும் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். அவள் மகன் மின்ஹாவ் அரசை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்கே போகவில்லை, மாலை முழுக்க வீட்டில்தான் இருந்தான் என்று. உறவினர் சாட்சி செல்லாது என்றது நீதிமன்றம். தம்பிக்கு எழுதினாள். அவன் அலுவலகத்திலிருந்து முத்திரையோடு ஒரே வரி வந்தது. சட்டம் தன் கடமையைச் செய்யும்.

மின்ஹாவ் சிறையிலிருந்து வெளியே வர இன்னும் ஆறு வருடம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் தாளை ஒருமுறை முழுக்கப் படித்தாள். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பேனாவை அதன் மேல் குறுக்காக வைத்தாள்.

“மின்ஹாவ் அன்னிக்கு வீட்லதான் இருந்தான்,” என்றாள். “அதுக்கும் ஒரு தாள் கொண்டுவரச் சொல்லு தம்பி.”