ஏழு நிமிட நேர்காணல்

“இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?”

“ஒரே வீடுதாங்க. முப்பத்தோரு வருஷம்.”

“ஏன் விட்டீங்க?”

“நான் விடலை. அவங்க தவறிட்டாங்க. நாலு வருஷம் ஆகுது.”

மகள் தலையை ஆட்டிக்கொண்டாள். டயர் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கும் அதிகாரி அவள். பதினெட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விகள். சமையல் மேடையில் சாய்ந்து நின்று கேட்டாலும் அதே தோரணைதான் வந்தது.

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறாள், முழங்கால் வலி வேறு, வீட்டோடு ஓர் ஆள் இருந்தால் தேவலை என்று இரண்டு வருடமாக நச்சரித்தவள் இவள்தான். ஆனால் ஆளைத் தானே பார்த்துவிட்டதாகப் போன வாரம் அம்மா போனில் சொன்னதும், நான் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதே என்று சொல்லிவிட்டு, லீவு போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அம்மா கூடத்தில் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரமாக ஒரே பக்கம்.

வந்தவருக்கு அறுபது தாண்டியிருக்கும். தேய்த்த சட்டை, பழைய கைக்கடிகாரம். முதலில் ஒரு காபி போடுங்கள், பார்க்கலாம் என்று மகள் சொன்னதும் மறுபேச்சில்லாமல் சமையலறைக்கு வந்துவிட்டார்.

அம்மாவுக்குப் பெர்கொலேட்டர் காபிதான் வேண்டும். அடியில் தண்ணீர், மேலே தூள் வைக்கும் கூடை, நடுவில் ஒரு குழாய். கொதிக்கும் தண்ணீர் குழாய் வழியாக ஏறி, தூளில் விழுந்து, மறுபடி அடியில் இறங்க வேண்டும். மகளுக்கு அது ஒரு நாளும் ஒழுங்காக வந்ததில்லை.

அவர் கொரகொரப்பான தூளை அளந்து போட்டார். அழுத்தவில்லை. மூடியின் கண்ணாடிக் குமிழில் முதல் கொப்புளம் தெரிந்ததும் தீயைக் குறைத்தார். மகள் கையை நீட்டிக் கூட்டினாள்.

“சீக்கிரம் ஆகட்டும்.”

“ஆகும். ஆனா குடிக்க முடியாது” என்று மறுபடி குறைத்தார். ஏழு நிமிடம் வேண்டும் என்றார்.

மகள் அந்த ஏழு நிமிடத்தையும் வீணாக்கவில்லை. உடம்புக்கு ஏதாவது உண்டா என்றாள். கொஞ்சம் சர்க்கரை, மாத்திரைக்கு அடங்குகிறது என்றார். குடிப்பீர்களா என்றதற்குக் காபி என்றார். பழைய வீட்டில் யாரிடமாவது விசாரிக்கலாமா என்றாள். அவங்க தம்பி இருக்கிறார் என்று சொல்லி, ஒரு துண்டுத் தாளில் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

“எங்கம்மாவுக்குக் கோபம் வரும். தெரியுமா?”

“பார்த்திருக்கேன்.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“வாசல்ல போய் நிப்பேன். கூப்பிட்டா வருவேன்.”

“கூப்பிடலைன்னா?”

“கொஞ்ச நேரம் பார்த்துட்டு நானே வருவேன்.”

ஆபீஸாக இருந்தால் மகள் இந்தப் பதிலுக்கு அடியில் ஒரு கோடு போட்டிருப்பாள்.

காபி தயாரானது. முதல் கோப்பையை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டாவது மகளுக்கு. அவள் குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று பார்த்துப் பார்த்துக் குடித்தாள். கசக்கவில்லை, கருகவில்லை, அடியில் வண்டல்கூட இல்லை.

நிமிர்ந்தபோது அம்மா செய்தித்தாளை மடித்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவுக்காகக் காத்திருப்பவர்களின் முகத்தை மகள் நிறையப் பார்த்திருக்கிறாள். அந்த முகம் வந்தவருக்கு இல்லை. அம்மாவுக்குத்தான் இருந்தது.

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“சரிம்மா, கல்யாணத்தைப் பதிவு பண்ணிடலாம், சாட்சிக் கையெழுத்து நானே போடறேன்” என்றாள். “ஆனா இவரை அப்பான்னு மட்டும் கூப்பிடச் சொல்லாதே.”