ஈரப்பஞ்சு

சிறுநீரகம் செயலிழந்ததிலிருந்து மாசிலாமணிக்குத் தண்ணீர் அளந்துதான். மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். காலையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நர்ஸ் ரோஸ்லின் மறுத்துக்கொண்டே இருந்தாள். மறுத்து மறுத்து அவளுக்கே நா வறண்டுவிட்டது. கடைசியில் மனசு கேட்காமல் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த அவர் மனைவி பேச்சியம்மாள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். “முடிஞ்சு போச்சா, சிஸ்டர்?”

“அப்படியெல்லாம் இல்லம்மா. உதடு காஞ்சு கெடந்துச்சு, அதான்.”

பேச்சியம்மாள் காதில் அது ஏறவில்லை. சாயங்காலம் சொந்தபந்தமெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்றது. பக்கத்து நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு ரோஸ்லின் திரும்புவதற்குள், போகிற உயிருக்கென்று ஆளுக்கொரு கரண்டி தண்ணீரை அவர் வாயில் விட்டு, அழுதபடி விலகிக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் சிந்தாமல் விழுங்கினார்.

ரோஸ்லின் டம்ளரைப் பிடுங்கினாள். “நீங்களே கொன்னுருவீங்க போல. எல்லாரும் வெளிய போங்க.”

அழுகை சட்டென்று நின்றது. மாசிலாமணி கண்ணைத் திறக்கவில்லை.

“டம்ளர் இங்கனயே இருக்கட்டும், சிஸ்டர்,” என்றார். “தங்கச்சி வீட்டாளுக இன்னும் வரல.”