கடைமடைச் சேதி

இதயத்தின் ரத்தக்குழாய் ஒன்று கூனிக்குறுகிக் கிடந்தது. எக்ஸ்ரே படம் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"பாருங்க, இடுப்பு எப்படி ஒடுங்கிப்போச்சு! ரத்தம் இதைத் தாண்டவே தாண்டாது" என்றது படம்.

"நான் போய் விரிச்சு விட்டுடறேன்" என்று உறைக்குள்ளேயே துடித்தது, குழாயை விரித்துத் தாங்கும் வலைக்கம்பியான ஸ்டென்ட்.

தன்னால்தான் கடைசியில் இருக்கும் தசைகள் பட்டினி கிடக்கின்றன என்று குழாயும் நம்பியது.

அப்போது முடிபோல மெல்லிய அழுத்தக்கம்பி வந்தது. "இருங்கப்பா. மதகைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னா எப்படி? கடைமடைக்குத் தண்ணி போகுதான்னு கேட்டுட்டு வரேன்."

மருத்துவர்கள் மருந்து கொடுத்து ரத்தத்தை வேகமாக ஓடவிட்டார்கள். ஒடுக்கத்துக்கு முன்னால் ஒருமுறை, அதைத் தாண்டிப் போய் ஒருமுறை, கம்பி அழுத்தத்தை அளந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன; ஒடுக்கத்தைத் தாண்டியும் ரத்தம் போதிய அளவு போய்க்கொண்டுதான் இருந்தது. ஸ்டென்ட் பிரிக்காத உறையோடு அலமாரிக்குத் திரும்பியது.

"உனக்கு எப்படி நன்றி சொல்லுவேன்?" என்று கேட்டது குழாய்.

"எனக்கு எதுக்கு? நான் சேதி கொண்டுவர்றவன்" என்றது வெளியே போய்க்கொண்டிருந்த கம்பி. "அந்தக் கடைசித் தசையெல்லாம் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. இத்தனை இடுக்குலயும் ஒரு நாள்கூட எங்களைப் பட்டினி போடலையே, அந்த மவராசன் நல்லா இருக்கணும்னு."